என்.எச்.ஐ.எஸ். சந்தா எல்லாருக்கும் பிடிக்கிறார்கள், அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் (என்.எச்.ஐ.எஸ்.) பல ஆண்டுகளாக இருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையில் மாதச் சந்தா 180 ரூபாயிலிருந்து 300 ஆனது. ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகளில் பெறக்கூடிய சிகிச்சைச் செலவின் வரம்பு 4 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. பட்டியலில் உள்ள சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை, மிக அரிதான சிலவற்றுக்கு 20 லட்சம் வரை என்றும் அப்போது வைத்தார்கள். அந்தச் சந்தாவுக்கு இது நல்ல திட்டம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

குறை எங்கே என்றால், யாரும் இதில் 'சேர' வேண்டியதில்லை. சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அதனால் சேர்ந்தாயிற்று என்று இருந்துவிடுகிறோம். காப்பீட்டு அட்டையை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் பள்ளியில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்ட ஒரு தம்பியின் அட்டையில் இன்னும் அப்பா, அம்மா பெயர்தான். திருமணமாகாதவரை மட்டுமே பெற்றோருக்குக் காப்பீடு. அப்புறம் துணைவரும் பிள்ளைகளும்தான். பிள்ளைகளுக்கும் வேலை, திருமணம், 25 வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். இதையெல்லாம் வேலையில் சேரும் நாளிலேயே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலக உதவியாளருக்கு, மருத்துவமனையில் முன்பணம் கட்டாமலே சேரலாம் என்பதே தெரியாது. அவர் மனைவியின் ஆபரேஷனுக்கு நகையை அடகு வைத்திருந்தார்.

என் கணவருக்குப் பித்தப்பைக் கல் வந்தபோதுதான் திட்டத்தை முழுசாகப் பயன்படுத்தினேன். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். ஆதாரில் இனிஷியல் முன்னால், அட்டையில் பின்னால். அதற்கே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். ஒப்புதல் மறுநாள் வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சமயத்தில் மட்டும் 'உபகரணம்' என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து, முத்திரை போட்டு பில் கொடுங்கள் என்றேன். உதவி எண்ணுக்கும் அங்கேயே நின்று பேசினேன். பாதிக்கு மேல் குறைத்தார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை.

இன்னொன்று. மருத்துவமனையின் பெயர் திட்டத்தின் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். கிடைக்க நாளாகும், ஆகவே ஒரு ரசீதையும் விட்டுவிடாதீர்கள். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000, கர்ப்பப்பை நீக்கத்துக்கு 50,000 என்று 2021 திட்டத்தில் உச்சவரம்பும் வைத்தார்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு இதில் வழியில்லை. சம்பளப் பட்டியலில் வரும் மருத்துவப்படி 300 ரூபாயை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது எந்த மூலைக்கு? சங்கங்கள் அடுத்த முறை பேசும்போது இதை முதலில் வைக்க வேண்டும். அதுவரை, இந்த மாதச் சம்பளப் பட்டியலைப் பார்க்கும்போது அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் பில் கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.