மனோரஞ்சிதம்னு சொல்லி அசோகமரத்தைத் தலையில கட்டிட்டாங்க

வண்டியில வர்ற செடிக்காரங்ககிட்ட மனோரஞ்சிதம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இதைப் படிச்சுட்டுப் போங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடி மாசம், நங்கநல்லூர்ல எங்க தெருவுக்கு டாட்டா ஏஸ்ல வந்தவர்கிட்ட 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முழங்கால் உயரக் கன்று. இலைக்கு நடுவுல மஞ்சளா ஒரே ஒரு பூ, பலாப்பழ வாசம். "புதர் மாதிரி படரும் சார், பட்டாம்பூச்சி மொய்க்கும்"னார். மறுநாள் காலையில அந்தப் பூ தொட்டியடியில கிடந்தது. காம்பு பிளேடு வச்ச மாதிரி நேரா அறுபட்டிருந்தது, நுனியில கொஞ்சம் வாழைநார். வண்டி ஆட்டத்துல உதிர்ந்திருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வாழைநாருக்கு என்ன சமாதானமோ!

பட்டாம்பூச்சி மட்டும் நிஜமாவே வந்தது. கறுப்பு இறக்கை, அதுல பச்சைப் புள்ளி, பின்னாடி சின்ன வால். தளிர்ல முட்டை வச்சு, பச்சைப் புழுவா இருந்தது. இந்தப் பட்டாம்பூச்சி மனோரஞ்சிதத்துலதான் முட்டை வைக்கும்னு படிச்சிருந்தேன், அதனால சந்தேகமே வரல. செடி மட்டும் படராம ஒட்டடைக்கம்பு மாதிரி நேரா மேல போச்சு. பூ கிடையாது. அவருக்கு போன் பண்ணா, "புழு இருந்தா பூ வராது, மருந்து அடிங்க"ன்னு அடுத்த தடவை லேபிள் இல்லாத பாட்டில் ஒண்ணு, 180 ரூபாய். அடிச்சேன். சாயங்காலம் தரையில ஒன்பது புழு சுருண்டு கிடந்தது. பணத்தை விட அதுதான் இன்னும் உறுத்துது.

கடைசியில பூக்கார அக்காதான் சொன்னாங்க: "இதுல கொக்கி எங்க தம்பி? எதிர் ஸ்கூல் காம்பவுண்ட்ல வரிசையா நிக்குதே, அந்த அசோகமரம் இது." நாம அசோகமரம்னு சொல்ற நெட்டிலிங்கம். அதுவும் மனோரஞ்சிதமும் சீதாப்பழக் குடும்பம். அந்தப் பட்டாம்பூச்சிக்கு மனோரஞ்சிதம், நெட்டிலிங்கம், சீதா எல்லா இலையும் சாப்பாடு. அது வர்றதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

நிஜ மனோரஞ்சிதத்துல பூக்காம்பே கொக்கியா வளைஞ்சிருக்கும், அதை மாட்டித்தான் கொடி ஏறும். பூ பச்சையா பூத்து, பழுத்து மஞ்சளாகும்போதுதான் மணக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பூவை லேசா இழுத்துப் பாருங்க, கையோட வந்தா வண்டியை அனுப்பிடுங்க. இலை ஓரம் அலை அலையா நெளிஞ்சிருந்தா நெட்டிலிங்கம்.

அவர் நம்பர் இப்போ சுவிட்ச் ஆஃப். மரத்தை வெட்ட மனசில்ல, நேத்து மறுபடி ரெண்டு முட்டை இருந்தது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் யார் வீட்டுலயாவது நிஜ மனோரஞ்சிதம் இருந்தா சொல்லுங்க, பதியன் போட நானே தொட்டியும் மண்ணும் எடுத்துட்டு வரேன்.