18 முடிந்ததும் எங்கே தங்க: பின்காப்பு இல்லமா, வாடகை அறையா?

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பையனுக்கு 18 முடிந்ததும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். பின்காப்பு என்பது, இல்லத்தை விட்டு வெளியே வருபவன் சொந்தக் காலில் நிற்கும் வரை கொடுக்கும் ஆதரவு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தகரப் பெட்டியோடு நின்றவனுக்கு நான் சொன்னது இதுதான்.

செலவு: பின்காப்பில் தங்கலும் சாப்பாடும் கைக்காசைத் தின்னாது. அறைக்கு முதலில் அட்வான்ஸ், அப்புறம் பாய், வாளி, அடுப்பு. இணைப்பு இல்லாமல் வாங்கும் 5 கிலோ கேஸ் சிலிண்டருக்கு மட்டும் முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும்.

காலம்: 2015 சிறார் நீதிச் சட்டப்படி பின்காப்பு 21 வயது வரை. விதிவிலக்காக 23 வரை நீட்டலாம். அறைக்கு வயதில்லை; வாடகை தவறினால் அன்றே பிரச்சினை.

சுதந்திரம்: பின்காப்பு இல்லத்தில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அறையில் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, “அப்பா என்ன செய்யுதாரு, தம்பி?” அந்தக் கேள்விக்குத்தான் பையன்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கூட ஒரு பெரியவர் போனால் பாதி வேலை முடிந்தது.

பேட்டை ஐடிஐ மாதிரி படிப்பில் இருப்பவன் பின்காப்பைக் கேட்கட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், 18 ஆகும் முன்பே. நிலையான சம்பளமும், நம்பிக்கையான கூட்டாளி ஒருவனும் இருந்தால் அறை சரி. தனியாக என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.