கிரகரி வாவிக்கு எந்தப் பாய்: கேம்பர் உள்ளதா, இல்லாததா?

வின்ட்சர்ஃபிங் பலகையின் பழைய 5.5 சதுர மீற்றர் பாய் வெயிலில் மங்கி, மடிப்பில் கீறத் தொடங்கினால் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது. ஆனால் நுவரெலியாவின் கிரகரி வாவியில் ஓட்ட அதே அளவைத் திரும்ப வாங்காதீர்கள். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் காற்று ஐதானது. கடலோரக் கல்பிட்டியில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்தாலும், பாயில் விழும் விசை சுமார் 15 வீதம் குறைவு. அங்கே 5.5 செய்த வேலைக்கு இங்கே 6.5 வேண்டும்.

கேம்பர் என்பது பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குக் குச்சி) நுனியைப் பாய்மரத்தோடு அணைக்கும் பிளாஸ்டிக் கவ்வி. காற்று தணிந்தாலும் பாயின் வளைவு குலையாது. சீரான காற்றில் நேராக வேகம் பிடிக்க அருமை. கல்பிட்டி என்றால் யோசிக்காமல் அதையே எடுப்பேன்.

இங்கே தென்மேல் பருவக்காற்று மலைகளில் மோதி உடைந்து, குத்துக் குத்தாக வரும். வாவியும் சின்னது, வேகம் எடுத்த கையோடு திருப்ப வேண்டும். அப்போது கேம்பர் பாய் சட்டெனப் புரளாது. விழுந்தாலோ, அகன்ற பாய்மர உறைக்குள் தண்ணீர் புகுந்து கனக்கும். அந்தக் குளிரில் அதை இழுத்துத் தூக்கிப் பாருங்கள், தெரியும்!

கேம்பர் இல்லாதது இலேசு, கட்டுவதும் சுருக்கு. பலத்த காற்றில் வளைவு பின்னுக்கு நகர்ந்து பின்கையை இழுக்கும். பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிறான டவுன்ஹோலை இறுக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

என் தேர்வு கேம்பர் இல்லாத 6.5, குறுக்கு நூல்கள் பதித்த, கிழிசல் எளிதில் பரவாத எக்ஸ்-பிளை துணியில். பல 6.5 பாய்கள் 460 சென்ரிமீற்றர் பாய்மரம் கேட்கும். பழைய பாய்மரம் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.