அணுவிசையா, டீசலா? நீர்மூழ்கிக் கப்பல்களில் என் வாக்கு எதற்கு

நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே கடைசியில் வாதம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்: அணு உலையில் ஓடுவது மேலா, டீசல்-மின்சாரத்தில் ஓடுவது மேலா? நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் கரையையும் அதை ஒட்டிய கடலையும் காக்க நினைக்கிற கடற்படைக்கு டீசல்-மின்சார நீர்மூழ்கிதான் சரி. அதிலும் வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தயாரிக்கும் ஏ.ஐ.பி. அமைப்பு பொருத்தியது. அது சத்தமில்லாமல் ஓடும் என்பதைத்தான் பலர் காரணமாகச் சொல்வார்கள். என்னை அந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு.

வேகத்திலும் தூரத்திலும் போட்டியே இல்லை, அணுவிசைதான். 1982-இல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் அணுவிசை நீர்மூழ்கி ஸ்பார்ட்டன் ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பி ஏப்ரல் 12-க்குள் தீவுகளுக்கு அருகே போய் நின்றுவிட்டது. ஏப்ரல் கடைசியில் புறப்பட்ட டீசல் நீர்மூழ்கியான ஓனிக்ஸ் போய்ச் சேர மே மாதக் கடைசி ஆனது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணு ஏவுகணைகளோடு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் வேலைக்கும் அணுவிசையே பொருத்தம். 2021-இல் தென்கொரியா டீசல் நீர்மூழ்கியிலிருந்து பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவிக்காட்டியது உண்மைதான், ஆனால் அது குறுகிய தூரத்துக்கான ஏற்பாடு.

அடுத்தது ஒளிந்திருக்கும் திறன். டீசல் நீர்மூழ்கியின் பலவீனம் ஸ்நார்க்கல். பேட்டரி இறங்கியதும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏறி வந்து, காற்றுக்குழாயை வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். அலை ஒன்று குழாயின் தலைமேல் ஏறினால் வால்வு டப்பென்று மூடிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அந்தச் சில நொடிகளுக்குக் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும், மாலுமிகளின் காது அடைக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம், புகை, ரேடாரில் படும் குழாய் என்று காட்டிக்கொடுக்க எல்லாமே இருக்கும். முழு வேகத்தில், அதாவது 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) போல ஓடினால் ஓரிரு மணி நேரத்திலேயே பேட்டரி காலி. நான்கைந்து நாட் வேகத்தில் ஊர்ந்தால் சில நாட்கள் தாங்கும். ஏ.ஐ.பி. வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. ஜெர்மனியின் யு-32, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும் எரிமின்கலத்தைக் கொண்டு 2013-இல் தொடர்ந்து 18 நாட்கள் நீருக்கடியிலேயே பயணம் செய்தது. ஸ்வீடனின் ஏ.ஐ.பி. நீர்மூழ்கியான காட்லாண்டை 2005-இல் அமெரிக்கா குத்தகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்தியபோது, ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கியையே அது 'மூழ்கடித்தது'. இதை வைத்து அணுவிசை சத்தம் போடும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உண்மையான ஒலி அளவுகளை எந்த நாடும் வெளியிடுவதில்லை. பயிற்சிக்கும் போருக்கும் வித்தியாசமும் உண்டு. அதனால் இந்த அம்சத்தில் என் சாய்வு லேசானதுதான்.

இப்போது பராமரிப்புக்கு வருவோம். என்னிடம் பத்து நீர்மூழ்கி இருக்கிறது என்று ஒரு நாடு சொன்னால், நான் முதலில் கேட்பது இன்றைக்கு அவற்றில் எத்தனை கடலில் இருக்கின்றன என்பதைத்தான். ஒன்று ரோந்தில், ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்ப்பில் என்று மூன்றுக்கு ஒன்று கிடைத்தாலே நல்ல நிலைமை. அணுவிசையில் அந்த மூன்றாவது கப்பல் வெளியே வருவதுதான் பெரும்பாடு. உலையை நிறுத்தினாலும் அதற்குள் வெப்பம் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தாலும் குளிர்விப்பும் பயிற்சி பெற்ற காவலும் வேண்டும். பெரிய வேலை என்றால் கதிரியக்கப் பாதுகாப்போடு கூடிய தனி உலர்துறை, அதாவது நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை, வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்கே சொந்தமாக இப்படிப்பட்ட தளங்கள் நான்குதான். அங்கேயும் விமானந்தாங்கிகளுக்கும் ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கும்தான் முதல் இடம். அதன் விளைவைப் பாய்ஸ் என்ற தாக்குதல் நீர்மூழ்கியில் பார்க்கலாம். அது 2015-இல் ரோந்து முடித்துத் திரும்பியது. உரிய நேரத்தில் பராமரிப்பு கிடைக்காததால் 2017-இல் முங்குவதற்கான சான்றிதழை இழந்தது. பெரும் பழுதுபார்ப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024-இல், அதுவும் சுமார் 120 கோடி டாலருக்கு. உலகின் பெரிய கடற்படைக்கே இந்த நிலை என்றால், நான்கைந்து கப்பல் வைத்திருக்கும் நாடு என்ன செய்யும்?

டீசல் பக்கத்தில் எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. 2017 அக்டோபரில் ஜெர்மனியின் யு-35 நார்வேக்கு அருகே பாறையில் சுக்கானை இடித்துக்கொண்டது. அந்நாட்டின் மற்ற ஐந்து நீர்மூழ்கிகளும் ஏற்கெனவே பட்டறையிலோ உதிரிபாகத்துக்குக் காத்தோ இருந்ததால், கடலுக்குப் போக ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1982-இல் அர்ஜென்டினாவிடம் இருந்த இரண்டு ஜெர்மன் வகை நீர்மூழ்கிகளில் சால்டா கோளாறுகளால் போருக்கே வரவில்லை. சான் லூயிஸ் பிரிட்டிஷ் கப்பல்களை வாரக்கணக்கில் அலைக்கழித்தது, ஆனால் குறிவைக்கும் கணினி பழுதாகி, டார்பிடோக்களும் ஏமாற்றியதால் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்க முடியவில்லை. ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் உதிரிபாகமும் பணமும் சாதாரணப் பட்டறையும் இருந்தால் தீரக்கூடிய குறைகள். பேட்டரி மாற்றுவது கடினமான வேலைதான். பல நூறு கிலோ எடையுள்ள செல்களை ஒவ்வொன்றாகத் திறப்பு வழியே வெளியே தூக்க வேண்டும். இருந்தாலும் அதற்கு அணுசக்தி உரிமம் தேவையில்லை.

கடைசிக் காலத்தையும் யோசிக்க வேண்டும். ஸ்வீடன் 1960களில் கட்டிய நீர்மூழ்கிகளைச் சிங்கப்பூர் 1990களில் வாங்கி, வெப்பக் கடலுக்கு ஏற்ப மாற்றி, அதற்கப்புறமும் பல வருடம் ஓட்டியது. பிரிட்டனிடம் கனடா வாங்கிய நான்கு டீசல் நீர்மூழ்கிகள் அந்த அளவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2004-இல் சிகூட்டிமி, கனடாவுக்குப் போகும் வழியிலேயே தீப்பிடித்தது. அப்படியும், பழைய டீசல் கப்பலை விற்கலாம், உடைத்துக் காயலான் இரும்பாக்கலாம். பிரிட்டனின் முதல் அணுவிசை நீர்மூழ்கி டிரெட்நாட் ஓய்வுபெற்றது 1980-இல். பல பத்தாண்டுகள் அது ஸ்காட்லாந்தின் ரொசைத் கப்பல்துறையிலேயே கிடந்திருக்கிறது. முழுவதுமாகப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே முதலில் தொடங்கியது ஸ்விஃப்ட்ஷூர் என்ற இன்னொரு அணுவிசை நீர்மூழ்கியில், அதுவும் அது ஓய்வுபெற்று நீண்ட காலம் கழித்து. ஓடாத கப்பலுக்கும் வருடா வருடம் காவல் செலவு!

2020-இல் ஜப்பான் ஓர்யூ கப்பலில் ஏ.ஐ.பி.யை எடுத்துவிட்டு லித்தியம்-அயன் பேட்டரி வைத்தது. விரைவாகச் சார்ஜ் ஏறும், அதிக வேகத்திலும் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் அந்தப் பேட்டரி ஒரு நீர்மூழ்கியின் முழு ஆயுளுக்கும் எப்படி உழைக்கும் என்பதற்கு இன்னும் அனுபவம் போதாது. அதனால் அதை நம்பி நான் வாதாடவில்லை.

அணுவிசையை நானே தேர்ந்தெடுக்கும் சூழலும் உண்டு. ஆஸ்திரேலியா 2021-இல் பிரெஞ்சு டீசல் நீர்மூழ்கி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு அணுவிசைக்கு மாறியது. ரோந்துக்கே பல ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டிய நாடு அது, அந்த முடிவு புரிகிறது. மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஒரு அணுவிசை நீர்மூழ்கிக்கான பணத்தில் இரண்டு மூன்று டீசல் கப்பல் வாங்குங்கள். மிச்சத்தில் இரண்டாவது உலர்துறை ஒன்றைக் கட்டி, பத்து வருடத்துக்கான உதிரிபாகங்களை இப்போதே கிடங்கில் அடுக்கிவையுங்கள்.