கூத்தாநல்லூர் ஞாயிறு வகுப்பு: இப்னு சீனாவுக்கு முழு மார்க், முல்லா சத்ராவுக்கு நேரமில்லை

ஞாயிறு அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு கூத்தாநல்லூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் தத்துவ வகுப்பு. கட்டணம் கிடையாது, ஜெராக்ஸ் காசு மட்டும். நான் திருவாரூரில் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவன். அரபியில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் யாரும் தயங்க வேண்டாம்.

விஷயம் ஒன்றுதான்: அறிகிறவனும் அறியப்படுவதும் ஒன்றா, இரண்டா? வகுப்பு எடுக்கும் ஹஜ்ரத், ஒன்றுதான் என்பதற்கு இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு சீனா (980–1037) சொன்ன மறுப்பில் நேரே இறங்கிவிட்டார். ஒன்று இன்னொன்றாக ஆகிவிட்டது என்கிறீர்களே, பழையது இருக்கிறதா? இருந்தால் இரண்டு. இல்லையென்றால் ஒன்று அழிந்து வேறொன்று வந்திருக்கிறது. இதில் ஒன்றானது எது? ரைஸ்மில் பெரியவர் விடவில்லை. "அப்போ என்னை நானே அறியறதும் ரெண்டா ஹஜ்ரத்?"

"அங்கே மட்டும் ஒண்ணுதான் மாமா. இப்னு சீனாவே ஒத்துக்கிறார்."

இப்னு சீனா சொல்லும், அந்தரத்தில் படைக்கப்பட்ட மனிதனின் கதை அடுத்து வந்தது. கண் மறைத்திருக்கிறது, கைகால் ஒன்றையொன்று தொடவில்லை, ஆனாலும் தான் இருப்பது அவனுக்குத் தெரியும். பஸ் காசுக்கு இதுவே போதும்.

1191இல் சிரியாவின் அலெப்போவில் கொல்லப்பட்ட தத்துவ அறிஞர் சுஹ்ரவர்தி இன்னும் ஒரு படி போகிறார். உடம்பில் ஓரிடம் அறுபட்டால் வலியின் படம் மனசில் விழுந்து, அதைப் பார்த்தா வலியை அறிகிறோம்? வலி நேரே முன்னால் இருக்கிறது. அந்த இருப்பே அறிவு. எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஸ்லாட்டில் காயில் இறக்கும்போது செம்புக் கம்பி நகக்கண்ணில் ஏறினால் தெரியும்.

வகுப்பில் குறை முல்லா சத்ரா பகுதியில்தான். பதினேழாம் நூற்றாண்டு தத்துவ அறிஞர், ஈரானின் ஷீராஸ்காரர். அவரை ஹஜ்ரத் மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்குக்குள் அள்ளித் தெளித்துவிட்டார். சத்ரா சொல்வது: புத்தியில் உள்ள வடிவத்துக்கு அறியப்படுவதைத் தவிர வேறு இருப்பே இல்லை. ஆகவே அறிகிறவனை அதிலிருந்து பிரித்து நிறுத்த முடியாது. அறிய அறிய ஆன்மாவே வளர்கிறது என்கிறார். இது இப்னு சீனாவுக்குப் பதிலாகுமா? ஒன்று வளர்வது வேறு, அழிந்து இன்னொன்றாவது வேறு. அந்த இடைவெளியில்தான் சத்ரா நுழைந்து வெளியேறுகிறார் என்பது என் கணிப்பு. கேட்பதற்குள் எல்லாரும் தொழுகைக்கு ஒளு செய்ய (கைகால் முகம் கழுவ) கிளம்பிவிட்டார்கள்.

ஜெராக்ஸில் அரபிப் பக்கம் கறுப்பாக விழுந்திருக்கிறது. பெண்களுக்குத் தனி இடம் இல்லை. என் வீட்டில் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நியாயம்தான். சம்பா நடவு முடிந்ததும் சத்ராவுக்கென்றே தனி வகுப்பு வைக்கலாம். மாடிப்படி செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் வந்ததுமே சொல்லிவிட்டால் திண்ணையில் நாற்காலி போட்டு, ஸ்பீக்கரைக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.