விறகுத் தாங்கி: தேனிரும்பா, வார்ப்பிரும்பா?

சசெக்ஸில் நாங்கள் குடிவந்த பழைய வீட்டுக் கணப்புக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம், அவ்வளவு அகலம். விறகை வெறும் தரையில் அடுக்கினால் அடியில் காற்றோட்டம் இருக்காது, புகைதான் மண்டும். அதற்குத்தான் விறகுத் தாங்கி. இங்கே ஃபயர்டாக் என்பார்கள். பழம்பொருள் கடையில் இரண்டு ஜோடி இருந்தன: கொல்லர் அடித்த தேனிரும்பு, அச்சில் வார்த்த வார்ப்பிரும்பு.

வார்ப்பில் பூவேலை எடுப்பாக இருக்கும், விலையும் குறைவு. வார்ப்புக்கு இரும்பை உருக்கித் தரும் ஊதுலை வேண்டும். இங்கிலாந்தின் முதல் ஊதுலை 1490 வாக்கில் இதே சசெக்ஸின் பக்ஸ்டெட்டில்தான் மூட்டப்பட்டது. அதற்கு முந்தைய இடைக்காலக் கணப்புக்கு உரியது தேனிரும்பு: உயரமான முன்கால், இறைச்சி வாட்டும் கம்பியைத் தாங்கக் கொக்கி, சிலவற்றின் தலையில் கிண்ணம் வைக்க ஒரு கூடை. அசல் இடைக்கால உருப்படி விற்பனைக்கு வருவது அபூர்வம். ‘மெடீவல்’ என்று சீட்டு ஒட்டியவற்றில் பல, 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணியில் செய்தவை. என்னுடையதையும் இடைக்காலத்தது என்று நான் சொல்லமாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது, முன்காலுக்குப் பின்னால் நீண்டு விறகைத் தாங்கும் பின்சட்டம். எந்நேரமும் தணலில் கிடப்பது அதுதான். செதில் செதிலாக உதிர்ந்து, மெலிந்து, தொய்ந்துவிடும். நான் எடுத்த தேனிரும்பு ஜோடியில் ஒன்றின் சட்டம் நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்திருந்தது. கொல்லர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, புதுத் துண்டைக் காய்ச்சி அடித்தே ஒட்டவைத்தார். இப்போது தடவினால் விரலில் தட்டுப்படும் மேடு மட்டும்தான் அடையாளம். தேனிரும்பில் கரிமம் 0.1 சதவீதத்துக்கும் கீழே என்பதால் சூட்டில் வளைந்துகொடுக்கும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம். வளைக்கப் போனால் உடையும். பக்குவமாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விழும். கடையில் இருந்த வார்ப்பு ஜோடியின் கால் மடிப்பில் அப்போதே மயிரிழையாக ஒரு கீறல். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் போகவில்லை.

வார்ப்புத் தாங்கியில் நான் தீ வளர்த்ததில்லை, தேனிரும்பிலும் இரண்டு குளிர்கால அனுபவம்தான். ஆனால் கணப்பின் பின்தகட்டுக்கு வார்ப்பிரும்பே வேண்டும். கனத்த தகடு சூட்டை வாங்கி வைத்து அறைக்குள் விடுகிறது.

வாங்கும்போது தூக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தேனிரும்பு கணீரென்னும், வார்ப்பு மந்தமாக ஒலிக்கும். துரு ஆழமாக அரித்த இடத்தில் மரநார் போல வரியோடினால் அது தேனிரும்பு. வசந்தம் வந்ததும் சாம்பலை அள்ளிவிடுங்கள். புகைபோக்கி வழியே இறங்கும் மழையில் அது ஊறிக் கிடந்தால் சட்டத்தை அரித்துவிடும்.