சிம்னி சாய்கிறது என்று கதவைத் தட்டும் வேன்காரர்கள்: ஓர் எச்சரிக்கை

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் நண்பர் பதற்றத்தோடு அழைத்தார். "அண்ணா, வேனில் ஒருவன் வந்து நிற்கிறான். எங்கள் கூரைமேல் இருக்கும் சிம்னி சாய்ந்துவிட்டதாம், எந்த நேரமும் நடைபாதையில் விழுமாம். கைப்பேசியில் படம் எடுத்துவந்து காட்டுகிறான். இன்றைக்கே இடித்துத் தருகிறேன் என்கிறான். என்ன செய்யட்டும்?"

நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்தப் படத்தில் உச்சியில் இருக்கும் குழல்கள் என்ன நிறம்?"

"மஞ்சள்."

"உங்கள் கூரையில் இருப்பவை?"

தெருவைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சிவப்பு, அண்ணா."

பதினேழு மாதங்களுக்கு முன் எனக்குக் காட்டப்பட்டதும் அதே மஞ்சள் குழல்கள்தான். எங்கள் சிம்னியிலும் இருந்தவை சிவப்புக் குழல்கள். அன்று நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்தின் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. கீழே கடை, மேலே இரண்டு மாடிகளில் நாங்கள் குடியிருக்கிறோம். 1830-களில் ஒரே தொடராகக் கட்டப்பட்ட ஏழு கட்டடங்களில் எங்களுடையது மூன்றாவது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பொதுச்சுவர், அந்தச் சுவரின் தலையில் செங்கல்லால் எழும்பிய அகலமான சிம்னி எனும் புகைபோக்கி, அதன் உச்சியில் சுடுமண் குழல்கள் எட்டு. நான்கு எங்களுடையவை, நான்கு பக்கத்து வீட்டு மூதாட்டியுடையவை. பாலத்தைக் கடந்து ஊருக்குள் வரும்போது முதலில் கண்ணில் படுவது இந்தப் புகைபோக்கிகளின் வரிசைதான்.

ஒரு நவம்பர் இரவு பெரும் புயல் அடித்தது. மறுநாள் காலை கடையைத் திறந்த அரை மணி நேரத்தில், ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்தான். பக்கத்துத் தெருவில் கூரை வேலை செய்துகொண்டிருந்தபோது எங்கள் சிம்னி கண்ணில் பட்டதாகச் சொன்னான். கைப்பேசியில் ஒரு காணொளி. பிளந்த செங்கல், உதிரும் காரை, ஒருபக்கம் சாய்ந்த தூண். "கீழே நடந்து போகும் குழந்தையின் தலையில் விழுந்தால் நீங்கள்தான் சிறைக்குப் போவீர்கள்" என்றான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மிட்டாய் வாங்க நிற்கும் நேரம் அது. எனக்குக் கை நடுங்கியது. பழுது பார்க்க 6,800 பவுண்டு, கூரை மட்டத்துக்கு இடித்து ஓடு போட்டு மூட 2,200 பவுண்டு என்றான். "நீங்கள் அதில் நெருப்பு மூட்டுவதே இல்லையே, உபயோகமில்லாத பொருளுக்கு எதற்கு இத்தனை பணம்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. வங்கிக் கணக்கிலிருந்து 1,400 பவுண்டு முன்பணம் அனுப்பினேன்.

அனுமதி வேண்டாமா என்று என் மனைவி கேட்டார். அவசர ஆபத்துக்கு அனுமதி தேவையில்லை என்றான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் அலுவலகம் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. சாரம் கட்டவில்லை. இரண்டு ஏணிகள், ஒரு கயிறு, அவ்வளவுதான். குழல்களை மட்டும் குழந்தையைத் தூக்குவதுபோலப் பக்குவமாக இறக்கி, போர்வை விரித்த வேனுக்குள் அடுக்கினார்கள். பழைய சுடுமண் குழல்களுக்கு இந்த நாட்டில் நல்ல விலை இருக்கிறது. தோட்டத்தில் பூந்தொட்டியாக வைக்கவும், பழைய வீடுகளைப் புதுப்பிக்கவும் வாங்குகிறார்கள். செங்கற்களைச் சம்மட்டியால் அடித்தார்கள். அவற்றில் பாதி தெருப்பக்கக் கூரையில் உருண்டன, பாதி உள்ளேயே விழுந்தன.

உள்ளே என்றால் எங்கே என்பதை நான் யோசிக்கவில்லை. வெளியே பார்க்க ஒரே தூண்தான். ஆனால் அறையைச் சூடாக்கச் சுவரில் அமைத்த ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனிப் புகைவழி அதற்குள் ஓடுகிறது. இரண்டு புகைவழிகளுக்கு நடுவே இருப்பது அரைச் செங்கல் கனத் தடுப்பு. அந்தத் தடுப்பையும் சேர்த்து உடைத்துவிட்டார்கள். எங்கள் கணப்புகள் அணைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து வீட்டு மூதாட்டியோ தன் முன்னறையில் எரிவாயுக் கணப்பு வைத்திருக்கிறார். அதன் புகை வெளியேறுவது அதே தூண் வழியாகத்தான்.

பத்து மணி இருக்கும். அவர் இரவு உடையோடு, முகமெல்லாம் கரி படிந்து தெருவுக்கு ஓடிவந்தார். அவருடைய கணப்பின் அடியில் செங்கல் துண்டுகளும் கரித்தூளும் குவிந்து அறை முழுவதும் கறுத்துப் போயிருந்தது. நல்லவேளையாக அப்போது கணப்பு எரியவில்லை. எரிந்துகொண்டிருந்து, புகைவழி அடைபட்டிருந்தால், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எரிவாயு வேலை செய்வதற்கான கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளர் பின்னர் வந்து, சோதித்து முடிக்கும்வரை கணப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார். அந்தப் புகைவழியிலிருந்து மூன்று வாளி இடிபாடு வந்தது. அந்தக் குளிர்காலத்தை மூதாட்டி ஒரு மின்சூடேற்றியின் முன் கழித்தார்.

அன்று மூதாட்டி காவல்துறையை அழைப்பதாகச் சொன்னவுடன் ஆட்கள் இறங்கினார்கள். பாதி இடித்த தூணின்மேல் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, மதியம் வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். தொலைபேசி அணைந்திருந்தது. ரசீதில் இருந்த முகவரியில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. இரவு மழையில் தார்ப்பாய் கிழிந்தது. மாடிப் படுக்கையறைச் சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கறை மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் கரி அது. எத்தனை முறை வண்ணம் பூசினாலும் மறுபடி வெளியே வருகிறது.

திங்கட்கிழமை கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அலுவலர் வந்தார். ஏழு கட்டடங்களும் சட்டம் பாதுகாக்கும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் 'இரண்டாம் தரம்' (கிரேடு 2) என்ற வகையில் இருப்பவை. வாங்கும்போது வழக்கறிஞர் தந்த கட்டுக் காகிதத்தில் அது இருந்தது. நான் படிக்கவில்லை. 1990-ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கட்டடங்கள் சட்டப்படி, அனுமதியின்றி இப்படி இடிப்பது குற்றம். இடித்தவன் மட்டுமல்ல, இடிக்கச் சொன்ன உரிமையாளரும் பொறுப்பு. கட்டடத்தை முன்பு இருந்தபடியே கட்டித்தரச் சொல்லும் ஆணைக்குக் காலவரம்பு கிடையாது. விற்றுவிட்டுப் போனால் வாங்கியவர் தலையில் விழும். அவசர வேலை என்ற வாதத்தையும் அலுவலர் விளக்கினார். உயிருக்கு ஆபத்து என்றால் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முட்டுக் கொடுத்தோ தற்காலிகமாகத் தாங்கியோ ஆபத்தைத் தடுக்க முடியாது என்றால் மட்டும், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும், கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து. வேன்காரன் முதல் பாதியை மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரையும் நான் கேட்டிருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, இருவருக்கும் பொதுவான அமைப்பில் கைவைக்கும் முன் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அவர் என்மேல் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னதாலும், உடனே திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டதாலும் கவுன்சிலும் வழக்கு வரை போகவில்லை. பழைய கட்டட வேலையில் முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு கொத்தனாரை அழைத்துவந்தேன். தெருவுக்கு எதிரே நின்று தொலைநோக்கியில் பார்த்தார், பிறகு எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். 2014-இல் கடை திறந்த அன்று எடுத்தது. வாசலில் வாழைமரம், நான், மனைவி, கைக்குழந்தையாக மகள், தலைக்குமேல் முழுச் சிம்னி. "அன்றே இவ்வளவு சாய்வு இருக்கிறது பாருங்கள்" என்று விரலால் காட்டினார். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகமும் மழை ஈரமும் சேர்ந்து உப்பாகி, காரையை வீங்க வைக்கும். மழை அடிக்கும் பக்கம் அதிகம் வீங்கும், தூண் மறுபக்கம் சாயும். யாரோ ஒருமுறை சிமென்டால் பூசியது அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. ஆனாலும் அந்தச் சாய்வு பல ஆண்டுகளாக நகரவில்லை. சிமென்டைச் சுரண்டி, சுண்ணாம்புக் காரையால் இடுக்குகளை நிரப்பி, குழல்களின் அடியைப் புதிதாகப் பூசியிருந்தால் போதும். வேன்காரனின் காணொளி என்னிடமும் இருந்தது, அதைக் காட்டினேன். "இது உங்கள் சிம்னியே இல்லை. குழல்களை எண்ணினீர்களா?" என்றார். ஐந்து. மஞ்சள்.

உபயோகமில்லாத பொருள் என்ற பேச்சுக்கும் அவர் பதில் சொன்னார். 1952 டிசம்பரில் லண்டனை மூச்சடைக்க வைத்த பெரும்புகைக்குப் பிறகு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிக் கணப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதன்பின் சிம்னி வீண் என்று ஊர் ஊராக இடித்தார்கள், அல்லது உச்சியைச் சிமென்டால் இறுக மூடினார்கள். ஆனால் புகை போகாத புகைவழியும் வேலை செய்கிறது. பழைய செங்கல் சுவரின் ஈரம் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மழை விழாமல், காற்று போகும்படி ஒரு மூடியும், கீழே சுவரில் ஒரு காற்றுத் துளையும் இருந்தால் போதும். இறுக அடைத்தால் உள்சுவர் நனையும்.

உடைந்த ஒரு செங்கல்லை என் கையில் கொடுத்தார். ஒருபக்கம் கரி, அதன்கீழ் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு. நகத்தால் கீறினால் நுண்ணிய புல்நார் தெரிந்தது. சுண்ணாம்போடு பசுஞ்சாணம் குழைத்து அந்தக் காலத்தில் புகைவழியின் உட்புறத்தைப் பூசியிருக்கிறார்கள். சாணம் மெழுகிய முற்றத்தில் வளர்ந்தவன் நான். இந்தக் கூரையின்மேல் அதே பொருளைக் கையில் பிடித்தபோதுதான், எதை இடிக்கவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

சுண்ணாம்பு வேலையை உறைபனிக் காலத்தில் செய்ய முடியாது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் காரை பிடிக்காது. ஆகவே மே மாதம் வரை காத்திருந்தோம். நடைபாதையில் சாரம் நிறுத்தத் தனி அனுமதி, பொதுச்சுவருக்கு ஒரு மதிப்பீட்டாளர், பழைய பொருள் விற்கும் இடத்தில் தேடி எடுத்த நான்கு சிவப்புக் குழல்கள், வேலைக் கூலி எல்லாம் சேர்ந்து 11,300 பவுண்டு. கடைத் திறப்புப் படத்தைப் பெரிதாக்கி, செங்கல் வரிசைகளை எண்ணித்தான் கட்டினார். கட்டி முடித்ததும் ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். பக்கத்து வீட்டுக் கணப்பு மறுபடி சோதிக்கப்பட்டு, அக்டோபரில் முதல் குளிர் நாளன்று எரிந்தது. கறுத்த அறைக்கு நான் வண்ணம் அடித்துக் கொடுத்தேன்.

முன்பணம் திரும்பவில்லை. கடன் அட்டையில் கொடுத்திருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலைக்கு அட்டை நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். கதவைத் தட்டி வந்தவரிடம் செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையும் இருந்தது. ஒரு பகல் பொறுத்து, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் எங்கள் தெருப் பெயரைத் தட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1877-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கியது, இன்றும் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறது. அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நண்பரின் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். எதிர்ப்புற நடைபாதையில் நின்று கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். தூண் நேராக இருக்கிறது. ஆறு சிவப்புக் குழல்கள். ஒரு குழலின் அடிப்பூச்சில் மட்டும் விரிசல், அதில் ஒரு செடி முளைத்திருக்கிறது. அவருடைய கட்டடமும் பட்டியலில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொத்தனார் பார்க்க வருகிறார். வேனின் எண்ணை நண்பர் குறித்து வைத்திருந்தார். என் பழைய புகாரோடு அதையும் சேர்த்து ஏமாற்று வியாபாரங்களை விசாரிக்கும் வணிகத் தர அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.